கையேற்கப்படாத பாலம்

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி வாக்கில் மாவட்ட நிர்வாகத்தின் வெள்ளை பிக்கப் வண்டி பாலத்துக்குச் சற்று முன்னால் வந்து நிற்கும். மாவட்டப் பொறியாளர் பால்த்தசாரி முகாரா இறங்குவார். ஐம்பத்தேழு வயது, கொஞ்சம் தொந்தி, கொஞ்சம் மூச்சிரைப்பு. பாலத்தை ஏறிட்டும் பார்க்க மாட்டார். கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுவார், காலுறையைச் சுருட்டி அதற்குள் திணிப்பார், பேண்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டுக் கிச்சோரா ஆற்றில் இறங்கி நடப்பார். அவர் தலைக்கு மேலே, அவரே வரைபடம் பார்த்து, அவரே கம்பி எண்ணி, அவரே ஒப்புதல் கொடுத்துக் கட்டி முடித்த புத்தம்புதுப் பாலம் சும்மா நிற்கும்.

சும்மா என்று சொல்வதும் தப்பு. வாழைத்தார் ஏற்றிய சைக்கிள்கள் போகும், ஆடுகள் போகும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போவார்கள். முகாராவின் மனைவியும் போவாள். அவர்கள் வீடு அக்கரையில். வெள்ளிக்கிழமைதோறும் அவள் பாலத்தின் மேல் நடந்து இக்கரைக்கு வந்து, கணவர் கழற்றிவைத்த ஷூக்களை எடுத்துக்கொண்டு, மறுபடி பாலத்தின் மேலேயே திரும்பிப் போவாள். கீழே கணவர் தண்ணீரில், மேலே மனைவி ஷூவோடு. கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு அப்புறம் இப்படி ஒரு ஊர்வலம்.

கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருப்பான் சைமன் எக்வாரு. பாலத்தைக் கட்டிய கம்பெனியின் ஆள். அந்தக் கம்பெனியில் இங்கே மிஞ்சியிருக்கும் ஒரே ஆள்.

"அமூத்தி, தண்ணி எப்படி இருக்கு?" என்று மேலிருந்து கேட்பான்.

"உன் கம்பெனி கொட்டின கான்கிரீட்டை விட மெத்துன்னு இருக்கு, அப்பூலி."

"மேல வந்தீங்கன்னா கால் காயும்."

"கால் காயும். பென்ஷன் நனஞ்சிடுமே."

முகாராவை அமூத்தி என்றும் அவர் மனைவியை அட்யேரி என்றும்தான் ஊரே கூப்பிடும். இந்தப் பக்கத்தில் ஒருவருக்கொருவர் செல்லப்பெயர் சொல்லித்தான் அழைத்துக்கொள்வார்கள். எக்வாரு நாட்டின் கிழக்குக் கோடியிலிருந்து வந்த டேசோ இனத்துக்காரன். அவன் வழக்கத்தில் இதெல்லாம் கிடையாது. வந்த முதல் வாரமே முகாரா அவனுக்கு அப்பூலி என்று வைத்துவிட்டார். அப்படிக் கூப்பிடத் தொடங்கிவிட்டால் அப்புறம் ஒருவனோடு ஒழுங்காகச் சண்டை போட முடியாது. அதுதான் அதிலுள்ள தொல்லை.

சண்டை போடக் காரணம் இல்லாமல் இல்லை. எல்லாம் அந்த ஒப்பந்தத்தால் வந்தது.

ஒப்பந்தம் என்றால் அச்சடித்த புத்தகம். எங்கோ குளிர்நாட்டில் கண்ணாடி போட்ட சிலர் உட்கார்ந்து எழுதியது. துறைமுகம் கட்டினாலும் அதுதான், கிச்சோராவுக்கு ஒரு பாலம் கட்டினாலும் அதுதான். உள்ளே கை வைக்கக்கூடாது. பின்னால் இருக்கிற கோடிட்ட இடங்களை நிரப்பினால் போதும். வேலை கொடுப்பவர்: மாவட்ட நிர்வாகம். பொறியாளர்: பால்த்தசாரி முகாரா. ஒப்பந்தக்காரரின் பிரதிநிதி: சைமன் எக்வாரு. அந்தக் கோட்டின் மேல் தன் பெயர் தட்டச்சாகி வந்த நாளில் எக்வாரு பெருமைப்பட்டான், பைத்தியக்காரன். வேலை முடிந்ததும் பொறியாளர் கையேற்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கொடுக்கும்வரை பாலத்தைப் பாதுகாப்பது ஒப்பந்தக்காரர் பொறுப்பு. பெயர் போட்ட பிரதிநிதி அதுவரை இடத்தை விட்டு நகரக்கூடாது. புத்தகம் எழுதியவர்கள் இது ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்கு எங்கள் மந்திரியைத் தெரியாது.

மந்திரி வந்து நாடா வெட்டாமல் பாலத்தைக் கையேற்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. மூன்று முறை தேதி கொடுத்தார்கள். மூன்று முறையும் ஆடு அடித்துச் சமைத்தார்கள், நடனக்காரர்கள் காலில் சலங்கை கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார்கள், மந்திரி வரவில்லை. கல்வெட்டில் தேதி மட்டும் மூன்று தரம் செதுக்கித் தேய்த்து, இப்போது அந்த இடம் பள்ளமாகக் கிடக்கிறது. கம்பெனி இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு வடக்கே எல்லைச் சாலை வேலைக்குப் போய்விட்டது. மாற்று ஆளை அனுப்புங்கள் என்று எக்வாரு கெஞ்சினான். ஆளில்லை என்றார்கள். விட்டுவிட்டு வந்தால் கம்பி திருட்டுப் போகும், அப்புறம் வேலையை மறந்துவிடு என்றார்கள்.

ஆறுதலாகக் கம்பெனி வக்கீல் ஒரு வழி சொன்னான். அதே புத்தகத்தில் ஒரு விதி இருக்கிறதாம்: சான்றிதழ் இல்லாமலே வேலை கொடுத்தவர் கட்டுமானத்தைப் பயன்படுத்திவிட்டால், பயன்படுத்திய அன்றே அவர் அதைக் கையேற்றதாக அர்த்தம். "மாவட்டத்து ஆள் ஒருத்தன் நடந்தாப் போதும் சார். போட்டோ எடுங்க, கடுதாசி எழுதுங்க, வீட்டுக்குப் போங்க" என்றான் ஃபோனில்.

ஆனால் முகாராவுக்கும் அந்தப் புத்தகம் மனப்பாடம். வக்கீல் பேசுவதற்கு ஒரு வாரம் முன்பே அவர் சுற்றறிக்கை விட்டிருந்தார்: மாவட்ட நிர்வாகத்தின் ஊழியர் எவரும், வாகனம் எதுவும், கிச்சோரா பாலத்தைக் கடக்கக் கூடாது. ஊர்க்காரர்கள் நடந்தால் பரவாயில்லை. அவர்கள் ஒப்பந்தத்தில் இல்லை.

அன்றிலிருந்து தொடங்கியது கூத்து. தடுப்பூசி போடும் நர்ஸ் மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் போனாள். வேளாண்மை அதிகாரி காலணியைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு போனார். வரி வசூலிப்பவர் போகும்போது மேலே நின்ற சந்தைக்காரிகள் கைதட்டினார்கள். வாத்தியார்கள் விஷயத்தில்தான் சிக்கல். சம்பளம் தலைநகரத்திலிருந்து வருகிறது, நியமன உத்தரவு மாவட்டத்திலிருந்து வருகிறது. அப்படியானால் வாத்தியார் யார் ஆள்? ஒரு வாரம் வாதாடினார்கள். தெளிவு கிடைக்கும்வரை வாத்தியார்களும் ஆற்றிலேயே நடக்கட்டும் என்று முடிவானது. பிள்ளைகள் பாலத்தின் மேல் நின்று, கால்சட்டையை மடித்துக்கொண்டு தள்ளாடும் கணக்கு வாத்தியாரைப் பார்த்தார்கள். அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் யார் மேலும் பயமில்லாமல் போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது.

எக்வாருவும் முதலில் சிரித்தான். ஒரு மழைக்காலம் போய், ஒரு வெயில்காலம் போய், இன்னொரு மழைக்காலமும் வந்த பிறகு சிரிப்பு வற்றிவிட்டது.

அவனுக்கு ஒரு மகள். அவனுடைய நாற்பத்தாறு வயதில், பல வருஷம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தபின் பிறந்தவள். கடைசிக் கான்கிரீட் கொட்டிய வாரத்தில் பிறந்தாள். அவளுக்கு இப்போது ஒன்றரை வயது. இதுவரை இரண்டே தடவை பார்த்திருக்கிறான். இரண்டாம் தடவை போனபோது அவனைக் கண்டு வீறிட்டு அழுதுகொண்டு அவன் தம்பியின் காலைக் கட்டிக்கொண்டாள். தம்பி அடுத்த வீட்டில் இருப்பவன், நல்லவன், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிபவன். போன மாதம் மனைவி அமோங்கின் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் குழந்தை "அப்பா, அப்பா" என்று கூப்பிடுவது கேட்டது. எக்வாருவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "என்னையா கூப்பிடறா?" என்று கேட்டான். அந்தப் பக்கம் அமோங்கின் ஃபோனைக் கை மாற்றிப் பிடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "உன் தம்பி இப்பதான் உள்ள வந்தான்" என்றாள்.

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. தம்பி மேல் கோபம் வந்தது, தம்பி மேல் கோபப்படுவது அநியாயம் என்பதும் தெரிந்தது. கடைசியில் எல்லாக் கோபமும் தண்ணீரில் நடக்கும் அந்த மனிதர் மேல் போய் உட்கார்ந்தது.

அக்டோபரில் மலையில் பெய்த மழை கிச்சோராவைக் கலங்கலாக்கி முழங்காலிலிருந்து தொடைக்கு ஏற்றியது. அப்படியொரு வெள்ளிக்கிழமை முகாரா ஆற்றில் இறங்கவில்லை. எக்வாருவின் தகரக் கொட்டகைக்கு வந்தார். அட்யேரி கொடுத்தனுப்பியிருந்த அவரைக் கூட்டும் கேழ்வரகுக் களியும் மேஜையில் இருந்தன. இருவரும் சாப்பிட்டார்கள். கை கழுவியதும் முகாரா சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார்.

"என்ன இது?" என்றான் எக்வாரு.

"நம்ம புத்தகத்துல இருக்கறதுதான். தற்காலிக ஏற்பாடு. ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டா, மழைக்காலம் முடியற வரைக்கும் மாவட்டத்து ஆளுங்க பாலத்து மேல நடந்துக்கலாம். நடந்தாலும் கையேத்ததா ஆகாது."

"அதாவது எனக்கு ஒண்ணும் கிடையாது."

"எனக்குக் கால் காயும், அப்பூலி. நெஞ்சு சளி ரெண்டு வாரமா இறங்க மாட்டேங்குது. கேட்டா அட்யேரி திட்டறா."

எக்வாரு காகிதத்தைத் தொடவில்லை. "சான்றிதழைக் குடுங்க. அப்புறம் நீங்க பாலத்து மேல படுத்தே தூங்கலாம்."

"நான் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா உனக்கு?"

"பென்ஷன் போயிடும். தெரியும். நூறு தரம் சொல்லியாச்சு."

"பென்ஷனை விடு. நீ இந்தப் பக்கம் பஸ் ஏறுவ, அந்தப் பக்கம் கைப்பிடிக் கம்பியெல்லாம் ஒரே வாரத்துல கட்டிலாவும் ஜன்னலாவும் ஆயிடும். காவல் போட மாவட்டத்துக்கு வக்கில்ல. அப்புறம் ஒரு பிள்ளை தவறி ஆத்துல விழுவா. யாருய்யா கையெழுத்துப் போட்டதுன்னு கேப்பாங்க. முகாரான்னு இருக்கும்."

"இப்ப மட்டும் புத்தகத்துல யார் பேர் இருக்கு? எக்வாருன்னு இருக்கு." அவன் குரல் உயர்ந்தது. "அமூத்தி, நீங்க தண்ணியில நடக்கறீங்களே, அது ஒண்ணுதான் என் கையில இருக்கு. நீங்க கஷ்டப்பட்டாத்தான் மேல இருக்கறவனுக்கு உறைக்கும். அதையும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா நான் இங்கயே கிழவனாகிச் சாக வேண்டியதுதான். என் பொண்ணு என் தம்பியை அப்பாங்கறா. தெரியுமா உங்களுக்கு?"

முகாராவுக்கு அது தெரியாது. தலையைக் குனிந்துகொண்டார். கேட்டதற்கு வெட்கப்படுபவர் போலத்தான் இருந்தார்.

"நியாயம்தான்" என்றார் கடைசியில். "உன் நிலைமையில நானும் போட மாட்டேன்." காகிதத்தைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் தள்ளினார். "இருக்கட்டும். மனசு மாறினா போடு."

போய்க் கரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். எக்வாரு அன்றைக்குக் கைப்பிடியில் போய் நிற்கவில்லை. கொட்டகைக்குள்ளேயே இருந்தான். அட்யேரி அலறியதும்தான் ஓடிவந்தான். முகாரா நடு ஆற்றில் சறுக்கி மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். எக்வாரு இறங்குவதற்குள் அவரே ஒரு பாறையைப் பிடித்து எழுந்து, தடுமாறித் தடுமாறி அக்கரை சேர்ந்துவிட்டார். அங்கிருந்து ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். பாலத்தின் மேல் நின்ற அட்யேரி கணவரைப் பார்க்கவில்லை. ஷூக்களை மார்போடு அணைத்துக்கொண்டு எக்வாருவைப் பார்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிக்கப் வரவில்லை. அவளிடமிருந்து சாப்பாடும் வரவில்லை. நிமோனியா, ஃபோர்ட் போர்ட்டல் நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று சைக்கிள்காரர்கள் சொன்னார்கள். காய்ச்சல்தானே, சரியாகிவிடும் என்று எக்வாரு தனக்குச் சொல்லிக்கொண்டான். கோப்பைக்கடியில் அந்தக் காகிதம் அப்படியே கிடந்தது. அதன் மேல் தேநீர் வட்டம் விழுந்திருந்தது. அதைப் பார்க்காமலிருக்க அவன் மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டான்.

அதற்கடுத்த வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டான். தியாகமெல்லாம் இல்லை. அலுத்துப்போய்விட்டது, அவ்வளவுதான். ஒரு மனிதரை ஆற்றில் நடக்கவைத்து மந்திரியை வரவழைத்துவிடலாம் என்று ஒன்றரை வருஷம் நம்பிக்கொண்டிருந்த தன் முட்டாள்தனம் அலுத்துவிட்டது. மழைக்காலம் முடிகிற வரைக்கும்தானே, நடந்துவிட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையில் கொடுக்கலாம் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் நாலு மணிக்கு வெள்ளை பிக்கப் வந்து வழக்கமான இடத்தில் நின்றது. எக்வாருவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வந்துவிட்டாரே மனிதர்! காகிதத்தை வெளியே எடுத்துக்கொண்டு, உதட்டில் ஒரு கேலியைத் தயாராக வைத்துக்கொண்டு, வேகமாக நடந்தான். டிரைவர் மட்டும் இறங்கினான். தொப்பியைக் கழற்றினான்.

"நேத்து ராத்திரி போயிட்டாரு, அப்பூலி" என்றான். "நாளைக்கு அக்கரையில அவங்க தோட்டத்துல அடக்கம். உங்ககிட்ட முதல்ல சொல்லச் சொன்னாங்க அட்யேரி."

எக்வாரு பாலத்தின் நடுவில் போய் உட்கார்ந்தான். நான்தான் கொன்றேன் என்று தோன்றியது. அப்புறம், இல்லை, மந்திரி கொன்றான் என்று தோன்றியது. புத்தகம் கொன்றது, சளி கொன்றது, ஆறு கொன்றது. எல்லாரையும் சுற்றி வந்து கடைசியில் மறுபடியும் தன்னிடமே வந்து நின்றது. இருட்டும்வரை அழுதான்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது, ஆறு விடவில்லை. கரையை முட்டிக்கொண்டு ஓடியது. நண்பகலில் சாலை வளைவில் பாட்டுச் சத்தம் கேட்டது. பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார்கள். பின்னால் ஊர், ஊருக்குள் கலந்து மாவட்டமே வந்தது: நர்ஸ், வேளாண்மை அதிகாரி, வரிக்காரர், கணக்கு வாத்தியார், எழுத்தர்கள், எல்லோரும். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டிக்குப் பின்னால் நடக்கத் தொடங்கிவிட்டால் மண் போடும்வரை அதை விட்டு வேறு பாதை பிடிக்கக்கூடாது. நடுவில் பிரிந்தால், செத்தவனை வழியில் விட்டுவிட்டு வந்தவன் என்று ஏழு தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள்.

பாலத்தின் வாயில், வண்டிகள் ஏறாமலிருக்க எக்வாரு குறுக்கே போட்டுப் பூட்டிய சங்கிலி இருந்தது; நடப்பவர்களும் சைக்கிள்களும் அதன் ஓரமாக நுழைந்து போவது வழக்கம். பெட்டிக்கு முன்னால் ஒரு பெண்மணி கறுப்பு உடையில் வேகமாக வந்தாள். மாவட்டத்தின் தலைமை நிர்வாக அதிகாரி, ஊருக்கு அக்கீக்கி. அழுது கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு காகிதம், ஒரு பேனா. எக்வாருவுக்குப் படிக்காமலே தெரிந்துவிட்டது.

"அப்பூலி, ஒரே ஒரு கையெழுத்து. இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் தற்காலிக ஏற்பாடு. தயவு பண்ணு."

"எதுக்கு, அக்கீக்கி? அவர் போகலாமே. அவர் இனிமே மாவட்டத்து ஆள் இல்லையே."

"அவர் போகலாம். நாங்க? பெட்டியை விட்டுட்டு ஆத்துல இறங்க முடியுமா? இறங்கினாத்தான் இந்த வெள்ளத்துல பிழைப்பமா? பாலத்துல நடந்தா நாளைக்கே நீ கையேத்தாச்சுன்னு கடுதாசி எழுதுவ. மேலேருந்து என் கழுத்தைப் பிடிப்பாங்க."

"பிடிப்பாங்க" என்றான் எக்வாரு.

பெட்டி சங்கிலியருகே வந்து நின்றுவிட்டது. வழியில் இறக்கக்கூடாது, சுமப்பவர்கள் தோள் மாற்றிக்கொண்டு முனகினார்கள். பாட்டு நின்றது. எக்வாருவின் கை தன் சட்டைப்பைக்குப் போனது. கையெழுத்துப் போட்ட காகிதம் அங்கேதான் இருந்தது. மழைக்காலம் முடிகிற வரைக்கும், மாவட்டத்து ஆட்கள் எல்லாருக்கும். அதை எடுத்து நீட்டினால் அக்கீக்கி பிழைப்பாள், அவன் இன்னொரு வருஷம் இங்கே கிடப்பான்.

"இதே காகிதத்தை அமூத்தி கேட்டாரு" என்றான். "உயிரோட இருக்கும்போது, நெஞ்சுல சளியோட. நான் போடல."

"இப்போ போடு. அவருக்காகப் போடு."

"போட்டுட்டேன். இங்க இருக்கு." பையைத் தொட்டுக் காட்டினான். "ஆனா இது அவர் நடக்கறதுக்காகப் போட்டது. உங்களுக்குக் குடுக்க மாட்டேன், அக்கீக்கி. அவருக்கே உதவாதது யாருக்கும் உதவ வேண்டாம்."

அட்யேரி பெட்டியின் பக்கத்திலிருந்து முன்னால் வந்தாள். அவள் அழுது முடித்திருந்தாள்.

"சங்கிலியை எடு, அப்பூலி" என்றாள். "சண்டையெல்லாம் அப்புறம் போட்டுக்கோங்க. தோள் வலிக்குது அவங்களுக்கு."

அவன் பூட்டைத் திறந்தான். சங்கிலி தரையில் விழுந்தது. பெட்டி பாலத்தில் ஏறியது. அட்யேரி ஏறினாள், ஊர் ஏறியது. மாவட்டத்து ஆட்கள் ஒரு நொடி தயங்கி அக்கீக்கியின் முகத்தைப் பார்த்தார்கள். அக்கீக்கி கையிலிருந்த காகிதத்தைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். அப்புறம் நர்ஸ் நடந்தாள், வாத்தியார் நடந்தார், வரிக்காரர் நடந்தார். சிலர் கைப்பிடிக்கு மேலாக எட்டித் தங்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

வாயிலருகே நின்ற எக்வாருவுக்கு முதலில் வந்த நினைப்பு, வீட்டுக்குப் போகப்போகிறோம் என்பது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தான். வெறுத்தாலும் நினைப்பு போகவில்லை. எல்லோருக்கும் கடைசியாக அவனும் நடந்தான். குழியில் ஒரு பிடி மண் போட்டபோது பையிலிருந்த காகிதத்தையும் போட்டுவிடலாமா என்று தோன்றியது. நாடகம் மாதிரி இருக்கும் என்று போடவில்லை.

கடுதாசி எழுத அவனுக்கு மூன்று நாள் பிடித்தது. புத்தகப்படி சுருக்கமாகச் சொன்னால் போதும்: இந்தத் தேதியில் வேலை கொடுத்தவர் தம் ஊழியர் மூலம் பாலத்தைப் பயன்படுத்தினார்; ஆகவே அன்றே கையேற்றதாகிறது. கீழே கடந்தவர்களின் பெயர்களைப் போட வேண்டும். முதல் பெயராகப் பொறியாளர் பால்த்தசாரி முகாரா என்று எழுதினான். முதலில் கடந்தவர் அவர்தானே.

முகாராவின் நாற்காலியில் இப்போது பொறுப்புப் பொறியாளர் என்று ஒரு இளைஞன் இருந்தான். மரியாதையான பிள்ளை. கடுதாசியை இரண்டு தரம் படித்தான்.

"நூத்துக்கணக்கான பேர் பார்த்திருக்காங்க, போட்டோ வேற இருக்கு. எங்களால மறுக்க முடியாது சார். அக்கீக்கி அம்மாவும் குடுத்துடச் சொல்லிட்டாங்க. அவங்களுக்கும் சலிச்சுப்போச்சு." பேனா முனையை முதல் பெயரின் மேல் வைத்தான். "இது மட்டும் எடுத்துடுங்க."

"ஏன்?"

"அவர் வியாழக்கிழமை ராத்திரியே பணியிலேருந்து விடுபட்டாச்சு. சனிக்கிழமை அவர் மாவட்டத்து ஊழியர் இல்ல. இந்தப் பேர் இருந்தா நான் தலைநகரத்துச் சட்ட ஆலோசகருக்கு அனுப்பியாகணும். எப்ப திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது. அடிச்சிட்டீங்கன்னா இப்பவே சீல் குத்திக் கையில குடுத்துடறேன்."

"முதல்ல கடந்தவர் பேரு தம்பி அது."

"தெரியும் சார். எனக்கும் அவர்தான் வேலை கத்துக்குடுத்தாரு."

எக்வாரு அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிக்காமல் எழுந்து போய்விட முடியும். போய்க் கொட்டகையில் உட்கார்ந்து இன்னொரு மழையைப் பார்க்க முடியும். முகாரா இருந்திருந்தால் விதி விதிதான், அடி என்றுதான் சொல்லியிருப்பார். அப்படி நினைத்தும் கை இலேசாகவில்லை. பேனாவை வாங்கினான். நேராக ஒரு கோடு இழுத்தான், ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டான். இளைஞன் முத்திரை குத்தினான்.

வெளியே மாமரத்தடியில் நின்று அமோங்கினுக்கு ஃபோன் செய்தான்.

"குடுத்துட்டாங்களா? நெஜமாவா? என் தலையில அடிச்சுச் சொல்லு" என்றாள்.

"நெஜமாத்தான். சீல் குத்தியாச்சு."

"அந்த மந்திரி வந்துட்டானா அப்போ?"

"வரல."

"பின்ன எப்படி?"

பின்னால் குழந்தை எதற்கோ சிணுங்கிக்கொண்டிருந்தது. எக்வாரு அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேட்டான்.

"அமூத்தியைப் பாலத்து மேல தூக்கிட்டுப் போனாங்க. எல்லாரும் அவர் பின்னால நடந்தாங்க" என்றான். "அவர் பேரை நான் அடிச்சாத்தான் வீட்டுக்கு வரலாம்னாங்க, அமோங்கின். அடிச்சிட்டேன். நாளைக்கு வர்றேன்."